காட்சியா, கருதலா: மார்பகப் புற்றுநோய் அறுவையும் படம் தரும் அறிவும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்வதற்கு முன் ஒரு பெண்ணின் மார்பகம் மூன்று விதமாகப் படம் பிடிக்கப்படுவது உண்டு. மேமோகிராமுக்கு அவர் நிற்கிறார். மார்பகம் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அழுத்தித் தட்டையாக்கப்படுகிறது. அல்ட்ராசவுண்டுக்கு மல்லாந்து படுத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொள்கிறார். எம்ஆர்ஐக்குக் குப்புறப் படுக்கிறார். பலகையில் உள்ள இரண்டு குழிகளுக்குள் மார்பகங்கள் தொங்குகின்றன. அறுவை மேசையிலோ அவர் மயக்கத்தில் மல்லாந்து கிடக்கிறார். கை பக்கவாட்டில் நீட்டப்பட்டிருக்கிறது; மார்பகம் அக்குள் பக்கமாகச் சரிந்து பரவிவிடுகிறது. குப்புறப் படுத்தபோது விலாவிலிருந்து தள்ளித் தெரிந்த கட்டி இப்போது விலாவை நெருங்கி, சில சென்டிமீட்டர் இடம் மாறிக் கிடக்கலாம். மூன்று படங்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் கத்தி படப்போகும் மார்பகத்தை, அது மேசைமேல் கிடக்கும் நிலையில், மூன்றில் ஒன்றும் காட்டவில்லை.

குப்புறப் படுத்த படத்தை மல்லாந்த உடலுக்குப் பொருத்தித் தரும் கணினி முறைகள் உருவாகி வருகின்றன. அவை முழுமை பெற்றாலும் அடியில் கிடக்கும் கேள்வி தீராது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று உடலுக்குள் இருப்பதை அறிந்துவிட்டதாக எதை வைத்துச் சொல்வது? அப்படி அறிந்தது ஓர் உடலை வெட்டப் போதுமான காரணமா? அறிவு எந்த வழியாக வருகிறது, எந்த வழியை எவ்வளவு நம்பலாம் என்ற இந்த ஆராய்ச்சிக்குத் தமிழில் 'அளவை' என்று பெயர். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்து அளவைவாதி பத்து அளவைகளை எண்ணிச் சொல்கிறான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பலவாக எண்ணப்படும் அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறது. கடவுளையும் உயிரையும் பற்றிய வாதங்களுக்காகக் கூர்தீட்டப்பட்ட இந்தக் கருவிகள், மேமோகிராமின் முன் உட்கார்ந்திருக்கும் மருத்துவரின் நிலையையும் துல்லியமாக விளக்குகின்றன.

ஸ்கேன் திரையில் தெரிவது காட்சி என்றே எவருக்கும் தோன்றும். கண் பார்க்கிறது, வெள்ளையாக ஏதோ தெரிகிறது, 'இதோ புற்று' என்கிறோம். உண்மையில் எந்தக் கருவியும் புற்றுநோயைப் பார்ப்பதில்லை. மேமோகிராம் பார்ப்பது எக்ஸ் கதிரைத் திசு எவ்வளவு தடுக்கிறது என்பதை. அல்ட்ராசவுண்ட் கேட்பது ஒலி திரும்பி வரும் விதத்தை. எம்ஆர்ஐயில், நரம்பு வழியாகச் செலுத்தும் காடோலினியம் மருந்து எங்கே விரைவாகச் சேர்கிறது, எங்கிருந்து விரைவாக வடிகிறது என்பது பதிவாகிறது. புற்றுக்கட்டி தனக்கென வளர்த்துக்கொள்ளும் இரத்தக் குழாய்கள் ஒழுகும் தன்மை கொண்டவை. அதனால் மருந்து அங்கே விரைவாகச் சேர்ந்து விரைவாக வடிகிறது. ஆக, திரையில் தெரிவது கால்சியத் துகள், எதிரொலி, ஒழுகும் குழாய். புற்று என்பது இவற்றிலிருந்து மருத்துவரின் அறிவு எடுக்கும் முடிவு. அளவை நூல்கள் இதைக் கருதல் என்றே சொல்லும்.

1913இல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அறுத்து எடுக்கப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ் கதிரால் படம் பிடித்தார். படத்தையும் அறுத்த திசுவையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். சில படங்களில் நுண்ணிய புள்ளிகள் இருந்தன. அவர் செய்த வேலை தருக்க நூலார் சொல்லும் உடனிகழ்ச்சியைத் தேடியதுதான்: புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்று சொல்வதற்கு முன், அடுக்களையில் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். சாலமனின் மேசை அந்த அடுக்களை. அப்படி ஒப்பிட்டு உறுதிப்பட்ட பிறகே, உயிருள்ள உடலின் படத்தில் தெரியும் புள்ளியைக் கண்டு உள்ளே நெருப்பு உண்டு என்று கருத முடியும்.

ஆனால் எல்லாப் புகையும் நெருப்பைக் காட்டுவதில்லை. வயதான பெண்களின் இரத்தக் குழாய்ச் சுவரில் கால்சியம் படியும். அது தண்டவாளம்போல் இரட்டைக் கோடாகத் தெரியும். பல ஆண்டுகளாக இருந்துவரும் சாதாரணக் கட்டிக்குள் சோளப்பொரி வடிவில் கால்சியம் திரளும். இவை புற்றைக் குறிப்பதில்லை. பால்நாளத்தின் கிளைகளைத் தொடர்ந்து மெல்லிய கோடுகளாகப் பிரிந்து செல்லும் துகள்களே மருத்துவரைக் கலவரப்படுத்துகின்றன. புகையில்லாத நெருப்பும் உண்டு; பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு அதற்குப் பழைய எடுத்துக்காட்டு. பால்மடலில் தோன்றும் ஒருவகைப் புற்றில் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம் இல்லாமல் போவதால், அவை உருண்டு கட்டியாகத் திரளாமல் எறும்புச் சாரைபோல் ஒற்றை வரிசையில் திசுவுக்குள் ஊர்ந்து செல்லும். மேமோகிராமில் அதன் உண்மையான பரப்பு பல நேரம் தெரிவதில்லை.

இதனால்தான் மேமோகிராம் அறிக்கை 'புற்று', 'புற்று இல்லை' என்று இரண்டே சொல்லில் முடிவதில்லை. பைராட்ஸ் என்ற உலகப் பொது அளவுகோலில் 3ஆம் வகை என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. 5ஆம் வகை என்றால் 95 விழுக்காட்டுக்குக் குறையாது. இடையில் உள்ள 4ஆம் வகை 2 முதல் 95 வரை விரிந்து கிடக்கிறது. இந்த அளவுகோலின் நேர்மை போற்றத்தக்கது. தான் செய்வது கருதல் என்பதை அது மறைப்பதில்லை. 4, 5ஆம் வகைகளுக்கு ஊசியால் சதை எடுத்துப் பயாப்ஸி செய்த பிறகே பேச்சு மேலே நகர்கிறது.

மணிமேகலையின் அளவைவாதி அறிவின் வழிகளோடு நிறுத்தவில்லை. அறிவுபோல் தோன்றி ஏமாற்றும் எட்டையும் அடுக்குகிறான். அவற்றில் நான்கு கதிரியல் அறையில் அன்றாடம் நடமாடுபவை. கிளிஞ்சலை வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல்: பழைய அறுவைத் தழும்பு சுற்றிலும் முள்முள்ளாக இழுத்துப் புற்றுபோலவே தெரியும். தூரத்தில் நிற்பது தறியா மனிதனா என்று தடுமாறுவது ஐயம். கூடுதல் படம் எடுத்து வரச்சொல்லும் அறிக்கை அதை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. ஆராயாமல் தறியை மனிதன் என்றே முடிவுகட்டுவது தேராது தெளிதல். ஒரு கட்டி கிடைத்ததும் தேடலே முடிந்ததாக எண்ணி, அதே மார்பகத்தின் வேறு மூலையையும் மறு மார்பகத்தையும் மேலோட்டமாகக் கடப்பது இதன் மருத்துவ வடிவம்.

நான்காவதுதான் அச்சமூட்டுவது. பக்கத்தில் நிற்கும் புலியைக் கண்டும் புலி என்று அறியாதிருப்பது. பெயர் கண்டுணராமை. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன்களில் சிறு முடிச்சுகளைத் தேடும்படி 24 கதிரியல் மருத்துவர்களிடம் சொல்லி, கடைசிப் படத்தொகுப்பில் ஒரு கொரில்லாவின் உருவத்தைச் செருகி வைத்தார்கள். சராசரி முடிச்சைவிட 48 மடங்கு பெரிய உருவம் அது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண் நகர்வைப் பதிந்த கருவியோ, தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் பார்வை நேராக அதன்மேலேயே விழுந்திருந்ததைக் காட்டியது. கண் கண்டது; அறிவு உணரவில்லை. புலி இருந்த இடத்தில் கொரில்லா, அவ்வளவே வேறுபாடு. ஒரே மேமோகிராமை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே படிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

படம் கருதல் என்றால், அதை மீண்டும் உடலோடு இணைக்க ஒரு கொக்கி வேண்டும். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டிகளுக்கு அந்தக் கொக்கி சொல்லளவில் இல்லாமல் இரும்பாகவே இருக்கிறது. அறுவையன்று காலையில், மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு, அல்ட்ராசவுண்ட் அல்லது மேமோகிராம் வழிகாட்ட மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். அதன் நுனி தூண்டில்முள்போல் விரிந்து திசுவைப் பற்றிக்கொள்கிறது. மறுமுனை தோலுக்கு வெளியே நீண்டு, பிளாஸ்திரியால் ஒட்டப்பட்ட நிலையில் அந்தப் பெண் அறுவை அரங்குக்குச் செல்கிறார். அறுவை மருத்துவர் கம்பியைத் தொடர்ந்து சென்று அதன் நுனியைச் சுற்றி ஒரு கவளம் திசுவை எடுக்கிறார். எது மேல், எது பக்கம் என்று தெரிய நீளமும் குட்டையுமாய் நூல் தைக்கப்படுகிறது. பெண் மயக்கத்தில் இருக்கும்போதே அந்தத் துண்டு எக்ஸ் கதிர்க் கருவிக்குப் போகிறது. கம்பி நுனியும் கால்சியப் புள்ளிகளும் துண்டின் நடுவில் இருக்கின்றனவா, ஓரத்தைத் தொடுகின்றனவா என்று பார்க்கிறார்கள். ஓரத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் எடுக்கப்படும். பிறகு துண்டின் வெளிப்பரப்பில் வண்ண வண்ண மை பூசி, சீவி, நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். புற்றுச் செல்மேல் மை படாமல் இருந்தால் போதும் என்பது 2014இல் அமெரிக்காவின் அறுவைப் புற்றியல், கதிர்வீச்சுப் புற்றியல் சங்கங்கள் இரண்டும் சேர்ந்து வகுத்த நெறி. இந்த இடத்தில்தான் கருதல் காட்சியிடம் கணக்கு ஒப்படைக்கிறது. அது தவறும்போது அந்தப் பெண் இரண்டாம் முறை மேசைக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாம் அறுவை என்ற வேதனையைத் தவிர்க்க, இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் போதாதா என்பது இயல்பான எண்ணம். நிறையத் தெரிந்தால் சரியாக வெட்டலாம் என்று யாருக்கும் தோன்றும். இந்த எண்ணம்தான் சோதனையில் தோற்றது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட், புற்று ஒரு மையத்திலிருந்து வட்டம் வட்டமாகப் பரவுகிறது என்று நம்பினார். அதனால் மார்பகம், அடியில் உள்ள மார்புத் தசைகள், அக்குள் நெறிகட்டிகள் அனைத்தையும் சேர்த்து எடுத்தார். முக்கால் நூற்றாண்டுக்கு அதுவே வழக்கமாக இருந்தது. 1970களில் மிலானில் உம்பெர்ட்டோ வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் மார்பகத்தைக் காத்துக் கட்டியிருக்கும் பகுதியை மட்டும் எடுக்கும் வழியைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். அதற்கு எதிரான மறுப்பும் பலமானதே. நெதர்லாந்தில் ரோலண்ட் ஹாலண்டின் குழு 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கட்டி என்று கருதி முழுமையாக எடுக்கப்பட்ட 282 மார்பகங்களைச் சீவிப் பார்த்தபோது, 43 விழுக்காட்டில் கட்டியிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு அப்பாலும் புற்றுத் துகள்கள் இருந்தன. கட்டியை மட்டும் எடுத்தால் உள்ளே ஏதோ மிஞ்சுகிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டாம்.

ஆனால் ஃபிஷரின் சோதனையில் 1,851 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. முழு மார்பகம் எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை. அதே மார்பகத்தில் நோய் திரும்பியது, கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39.2 விழுக்காடு, அதோடு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 14.3 விழுக்காடு. மிஞ்சியவை இருந்தன. அவற்றில் பலவற்றைக் கதிர்வீச்சு அழித்தது. உயிரைப் பறிக்கும் நோய், மார்பகத்துக்குள் எவ்வளவு வெட்டினாலும் தடைபடாத வழியில், முன்பே உடலுக்குள் சென்றிருந்தது.

பின்னர் வந்த எம்ஆர்ஐ, ஹாலண்ட் நுண்ணோக்கியில் கண்ட சிலவற்றை அறுவைக்கு முன்னரே திரையில் காட்டத் தொடங்கியது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 16 விழுக்காட்டுப் பெண்களுக்கு மற்றப் படங்களில் தெரியாத கூடுதல் நோய் அதில் தெரிந்தது. பிரிட்டனில் 45 மருத்துவமனைகளில் 1,623 பெண்களிடம் நடந்த 'காமிஸ்' சோதனை 2010இல் வெளிவந்தது. அறுவைக்கு முன் எம்ஆர்ஐ எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் மறு அறுவை தேவைப்பட்டது ஒரே அளவில்: 19 விழுக்காடு. எம்ஆர்ஐ எடுத்தவர்களில் சிலருக்கு முழு மார்பகமும் எடுக்கப்பட்டு, பிறகு திசுவை ஆராய்ந்தபோது அதற்குத் தேவை இருந்திருக்கவில்லை என்று தெரிந்தது. பால்மடல் புற்று, மரபணுக் காரணம் உள்ளவர்கள், மேமோகிராமில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும் அடர்ந்த மார்பகம் ஆகிய நிலைகளில் எம்ஆர்ஐக்கு உரிய இடம் உண்டு. எல்லோருக்கும் எடு, எல்லாவற்றையும் பார், பார்த்ததையெல்லாம் வெட்டு என்ற சங்கிலிதான் அறுந்துபோனது.

இங்கே தத்துவத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'இது இருக்கிறது' என்பது உண்மையாக இருக்கலாம். 'இதை எடுக்க வேண்டும்' என்பது அதிலிருந்து தானாகக் கிளைப்பதில்லை. முன்னதைச் சொல்லக் கருதலும் காட்சியும் போதும். பின்னதை எந்தப் படமும், எவ்வளவு கூர்மையானாலும், சொல்ல முடியாது. அதைச் சொன்னது மூன்றாம் அளவையான உரை, அதாவது நம்பத்தக்கோர் சொல். எந்தக் குழுவில் சேர்வோம் என்பதைச் சீட்டுக் குலுக்கல்போன்ற முறைக்கு விட்டுவிட்டு, அதன்பின் இருபது ஆண்டுகள் தங்கள் உடல்களைச் சாட்சியாகத் தந்த 1,851 பெண்கள் அந்த நம்பத்தக்கோர். இன்று மார்பகத்தை இழக்காமல் வீடு திரும்பும் ஒவ்வொரு பெண்ணும், திரையில் தெரிந்ததற்குக் கடன்பட்டிருப்பதைவிட அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறார்.

இருப்பதை அறிவதைவிட இல்லாததை அறிவது கடினம். தரையில் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? குமாரில பட்டரின் மரபைச் சேர்ந்த மீமாம்சகர்கள் இதற்குத் தனி அளவையே வகுத்தார்கள். தமிழ் நூல்களில் அது அபாவம் என்ற பெயரில் எண்ணப்படுகிறது. அவர்கள் வைத்த நிபந்தனைதான் முக்கியம்: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய பொருளாக அது இருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பது குடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அறுவைக்கு முன்பே கீமோ மருந்து கொடுக்கும் சிகிச்சையில் இந்த நிபந்தனை ஒவ்வொரு நாளும் எழுகிறது. மருந்து தொடங்குமுன் கட்டிக்குள் எள்ளளவு உலோகக் கிளிப் ஒன்று வைக்கப்படுகிறது. மாதங்கள் கழித்துக் கட்டி கரைந்து, எந்தப் படத்திலும் தெரியாமல் போகலாம். கிளிப் மட்டும் திரையில் தனியாக நிற்கும். அந்த இடத்தையே அறுத்து எடுக்கிறார்கள். சிலரிடம் ஒரு புற்றுச் செல்கூட இருப்பதில்லை, சிலரிடம் சிதறலாய் மிஞ்சியிருக்கும். படம் இரண்டுக்கும் ஒரே வெறுமையைக் காட்டியது. அப்படியானால் ஒன்றுமில்லாதவர்களை ஏன் அறுக்க வேண்டும்? ஹூஸ்டனின் எம்டி ஆண்டர்சன் மையம் தலைமையேற்று 2022இல் வெளியிட்ட சிறு ஆய்வு, படத்தோடு நிற்காமல் கிளிப் இருந்த இடத்தில் தடித்த ஊசியால் பல துண்டுகள் எடுத்துப் பார்த்தது. 50 பேரில் 31 பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் அறுவையின்றிக் கதிர்வீச்சு மட்டும் பெற்றார்கள். சுமார் இரண்டு ஆண்டுகள் கண்காணித்ததில் எவருக்கும் அந்த மார்பகத்தில் நோய் திரும்பவில்லை. இருட்டறையில் விளக்கேற்றிப் பார்க்கும் முயற்சி இது. இரண்டு ஆண்டு குறுகிய காலம், ஆய்வும் சிறியது.

அக்குள் விஷயத்தில் நடந்தது இன்னும் வியப்பானது. நெறிகட்டிகளை எடுப்பதால் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் கை வீங்கியே இருக்கும். மிலானில் இருந்து நடத்தப்பட்டு 2023இல் வெளிவந்த 'சவுண்ட்' சோதனையில், கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து அக்குள் அல்ட்ராசவுண்ட் சுத்தமாக இருந்த பெண்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு நெறி எடுத்துச் சோதிக்கப்பட்டது. மறுபாதியின் அக்குளை யாரும் தொடவில்லை. எடுத்தவர்களில் 13.7 விழுக்காட்டினருக்கு நெறியில் புற்று இருந்தது. அதாவது 'இல்லை' என்ற படத்தின் சொல் ஏழு பேரில் ஒருவருக்குப் பொய். ஆயினும் ஐந்து ஆண்டுகளில் நோய் தொலைவுக்குப் பரவாமல் இருந்தவர்கள் எடுத்தவர்களில் 97.7 விழுக்காடு, எடுக்காதவர்களில் 98 விழுக்காடு. பொய்யான 'இல்லை'யும் கெடுதல் செய்யவில்லை. அளவை நூலார் அறிவை, அறிவுபோல் தோன்றி ஏமாற்றுவதிலிருந்து மட்டுமே பிரித்தார்கள். தீங்கற்ற அறியாமை என்ற ஒன்றுக்கு இடம் ஒதுக்கவேண்டிய அவசியத்தை நோயாளியின் கை உணர்த்துகிறது.

சிவஞான சித்தியார் காட்சியையே நான்காக வகுக்கும்போது, இன்ப துன்பங்களை உயிர் தன்னுள் தானே அறிவதைத் தன்வேதனைக் காட்சி என்கிறது. வேறொருவர் கண்ணுக்கோ கருவிக்கோ எட்டாத அறிவு அது. அறுவைத் திட்டத்தில் அதன் இடம் என்ன என்பதற்கு, படக்கருவி எதுவும் பிறக்காத காலத்துச் சாட்சி ஒன்று இருக்கிறது. 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், ஆங்கில நாவலாசிரியர் ஃபேன்னி பர்னிக்கு, நெப்போலியனின் படை மருத்துவர் லாரே தலைமையில் மயக்க மருந்தில்லாமல் மார்பகம் எடுக்கப்பட்டது. தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பதிந்திருக்கிறார். முகத்தின்மேல் ஒரு மெல்லிய துணி விரிக்கப்பட்டது. அதன் ஊடே, மருத்துவர் ஒருவரின் கை உயர்வதையும், விரல் காற்றில் மேலிருந்து கீழாக ஒரு கோடும், பிறகு ஒரு சிலுவையும், பிறகு ஒரு வட்டமும் வரைவதையும் அவர் கண்டார். முழுவதையும் எடுக்கப் போகிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. எழுந்து, தன் வலி எல்லாம் ஒரே புள்ளியிலிருந்துதான் கிளம்புகிறது என்று விளக்கினார். கவனமாகக் கேட்டார்கள். மீண்டும் துணி முகத்தில் விழுந்தது. மீண்டும் அதே விரல் அதே வட்டத்தைப் போட்டது. அறுவைத் திட்டம் என்பதன் மிகப் பழைய நேரடி வருணனைகளில் ஒன்று இது. திட்டத்தைப் போட்டவர்களும் அதைச் சுமந்தவரும் ஒரே அறையில் இருந்தார்கள். இடையே ஒரு துணி இருந்தது.

மயக்க மருந்து வந்தபின் அந்தத் துணி தடித்தது. 1970கள் வரை அமெரிக்காவில், கட்டி என்னவென்று அறிய மயக்கத்தில் ஆழ்த்தி, புற்று என்று தெரிந்தால் எழுப்பாமலேயே மார்பகத்தை எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. மார்பகம் இருக்குமா இருக்காதா என்று தெரியாமலேயே பெண்கள் உறங்கச் சென்றார்கள். பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் தானே நோயாளியாகி, இந்த வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, கண்டறிவதும் அறுப்பதும் தனித்தனி நாட்களில் நடக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. படமும் ஊசிப் பயாப்ஸியும் அறிவதையும் வெட்டுவதையும் பிரித்து, நடுவே சில நாட்களை உண்டாக்கித் தந்தன. அவை தந்த மிகப் பெரிய கொடை இதுவாகவே இருக்கலாம். கதிர்வீச்சுக்கு வாரக்கணக்கில் வந்துபோக முடியுமா, மீண்டும் கத்தி என்ற அச்சத்தோடு வாழ முடியுமா, மார்பகம் தனக்கு என்ன பொருள் தருகிறது என்பவற்றை ஒரு பெண் தன்னுள் அறிவது அந்த நாட்களில்தான். ஒருவர் முழு மார்பகத்தையும் எடுத்துவிடச் சொல்வார். அதே படம் உள்ள இன்னொருவர் மறுப்பார். இருவரில் எவரும் தவறாக அறியவில்லை.

மார்பகத்தைக் காத்து, எஞ்சிய திசுவைச் சீரமைத்துத் தைக்கும் அறுவைகளுக்கு முன் இன்று ஒரு வேலை நடக்கிறது. பெண் விழித்திருக்கும்போதே, அவரை உட்கார வைத்தோ நிற்க வைத்தோ, அறுவை மருத்துவர் மார்க்கர் பேனாவால் தோலில் வரைகிறார். நெஞ்சின் நடுக்கோடு, மார்பகத்தின் அடி மடிப்பு, வெட்டு விழும் இடம். படுத்துவிட்டால் மடிப்பும் சரிவும் மாறிவிடும் என்பதால், மேமோகிராமும் எம்ஆர்ஐயும் பக்கத்துத் திரையில் இருந்தாலும், இந்தக் கோடுகளை நிமிர்ந்த உடலில்தான் போட முடியும். முகத்தின்மேல் துணி இல்லை. கோடு எங்கே போகிறது என்று அவர் குனிந்து பார்க்கலாம். ஏன் அங்கே என்று கேட்கலாம்.